குளிர் போன வழி

திசையன்விளைக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டுக்காடு முடிந்து கடற்காற்று தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிடக்கிற வேப்பங்காட்டுவிளையில், முருங்கைக்காய் லோடு அடிக்கும் சுயம்புலிங்கத்துக்கும் அவன் மனைவி பட்டுக்கனிக்கும் ஒரு சித்திரை மாதத்து உச்சிவெயிலில் பிறந்த பெண்பிள்ளைக்கு வேர்க்கவே இல்லை. பெற்றவளுக்கு வேர்த்தது, பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வேர்த்தது, தொட்டில் கட்டியிருந்த உத்தரம்கூடப் பிசுபிசுத்தது, பிள்ளை மட்டும் புதுத்துணி போலக் காய்ந்து கிடந்தாள். வேர்க்காத பிள்ளை மகாராணியாக வாழும் என்று முதலில் ஊர் சந்தோஷப்பட்டது. பிறகு வெயில் ஏற ஏறப் பிள்ளையின் உடம்பும் அடுப்பிலிட்ட சட்டியாகச் சுட, கண் சொருகி, கைகால் வெட்டி இழுக்க, பாளையங்கோட்டைப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இவள் தோலில் வேர்வை வருகிற வாசலே இல்லை, மருந்தும் இல்லை, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் எல்லோரையும் போல வளர்வாள், படிப்பாள், கல்யாணம் கட்டுவாள்.

வேணி என்று பெயர் வைத்தார்கள். ஈரத்துணியிலும் மண்பானைத் தண்ணீரிலும் அவளை ஆறு வயதுவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் திசையன்விளையில் இருந்தது. ஊரிலோ மின்சாரம் டியூப்லைட்டை எரிய வைப்பதற்கே மூச்சு வாங்கும், வீட்டில் ஏசி மாட்டினால் அது பெட்டியாகத்தான் தொங்கும். அதனால் சுயம்புலிங்கம் காற்றாலைக் கம்பெனிக்காரர்களைச் சுமந்து ஓய்ந்துபோன ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தான். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்கார இடமும், அதற்கும் பின்னால் சரக்கு ஏற்றத் தொட்டியும் இருந்தன. பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது, ஒரு கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. ஆனால் ஏசி மட்டும் மார்கழிக் காலை போல வீசியது. தொட்டியில் முருங்கைக்காய்க் கட்டும் உள்ளே வேணியுமாக அந்த வண்டி காலையில் புறப்பட்டது, மாலையில் திரும்பியது, கத்திரி வெயில் நாட்களில் லோடே இல்லாமல் வேணி தூங்கி விழிப்பதற்காக மட்டும் தேரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பிக்கப் என்று சொல்வதில்லை, வேணி வீடு என்றே சொன்னார்கள்.

அவள் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மாசி பிறந்த சமயத்தில், ஏசியின் குளிர் குறையத் தொடங்கியது.

முதலில் முகத்தில் படுகிற காற்று மெலிந்தது. பிறகு அந்த மெலிந்த காற்றிலும் வெக்கை கலந்தது. சுயம்புலிங்கம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். முன் கிரில்லைத் தண்ணீர் அடித்துக் கழுவினான், கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினான், வண்டியை நிழல் பார்த்தே நிறுத்தினான். எதற்கும் அசையாததால், திசையன்விளை உடன்குடி ரோட்டில் ஏசி வேலை பார்க்கும் மைதீன் பிச்சையிடம் கொண்டுபோய் விட்டான்.

மைதீன் பிச்சை எதையும் பதறாமல் பார்க்கிறவர் அல்ல. ஒரு வண்டி சரியாகவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. பேனட்டைத் தூக்கி, சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரின் இடுக்கெல்லாம் செம்மண்ணும் முருங்கைப்பூவும் அடைத்திருப்பதைப் பார்த்து, இதுதான் காரியம் என்று சந்தோஷப்பட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். குளிர் வரவில்லை. பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்து மாற்றினார். கேஸ் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. இருந்தாலும் சந்தேகத்தில் பழையதை இறக்கிப் புதிதாக ஏற்றினார். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஃபில்டரை உருவிப் போட்டார். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே திறந்து மூடுகிற சின்னக் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பிரித்துப் பார்த்தார், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. குழாயைத் தொட்டால் விரல் மரத்தது, கூலிங் காயிலில் பனி பூத்தது, ஆனால் முகத்துக்கு வருகிற காற்று மட்டும் யாரோ வேறு வேலையாக இருந்துகொண்டு விசிறுவது போலிருந்தது.

அதோடு ஒரு சத்தமும் கேட்டது. டகடகடகவென்று கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காற்றை ஊதுகிற புளோயர் மோட்டாரின் பேரிங் போய்விட்டது என்று மைதீன் பிச்சை புது மோட்டார் போட்டார். அப்போதும் சத்தம் நிற்கவில்லை.

"அது மோட்டார் இல்ல மாமா. ஒரு அத்தை தைக்காவ" என்றாள், முன் இருக்கையில் கால் ஆட்டிக்கொண்டிருந்த வேணி.

அவள் இப்படிச் சொல்வது புதிதில்லை. ஏசிக்குள் ஒரு அத்தை இருப்பதாகவும், ஏழாம் வாய்ப்பாட்டில் தான் திக்குகிற இடத்தில் அந்த அத்தை எடுத்துக்கொடுப்பதாகவும் பத்து நாளாகவே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்ப்பாடு சரியாக வந்துவிட்டதால் பட்டுக்கனியும் அதை மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கடைசியில் மைதீன் பிச்சை வெள்ளிக்கிழமைக்கென்று கடையில் வைத்திருந்த சாம்பிராணியை எடுத்தார். காற்று எங்கே சிதறுகிறது என்று புகையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தணலில் ஒரு கை சாம்பிராணியைப் போட்டு, வண்டி காற்றை உள்ளே இழுக்கிற வாயருகே பிடித்தார். புகை முழுவதும் உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. முகத்துக்கு நேரே இருந்த நான்கு துவாரங்களிலும் வரவில்லை, காலடியில் வரவில்லை, வண்டிக்குக் கீழேயும் வரவில்லை. கரண்டித் தணல் அணையும்வரை ஊதிக்கொண்டே இருந்தார், வண்டி மிச்சமில்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தது.

"உள்ள போனது எங்கயோ வெளிய வந்துதானே ஆகணும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அது வெளியே வந்த இடம் நல்லமேய்ப்பன்புரம். கடலோரம், உப்புக்காற்றில் ஓடுகள் கறுத்த சிறிய ஊர். அங்கே ஞானப்பூ என்ற தையல்காரியின் வீட்டில், கிழக்குச் சுவரில் இருந்த மாடக்குழியிலிருந்து ஒரு மாதமாகக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் அதோடு சாம்பிராணி வாசனையும் வந்தது.

அந்த ஊர் அந்தக் காற்றுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. முதல் நாள் மின்வாரிய ஆள் வந்து, கள்ளக் கம்பி ஏதும் இழுத்திருக்கிறதா என்று கூரை ஏறிப் பார்த்துவிட்டு, கம்பியே இல்லாததால் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போனான். வேதக்கோயில் உபதேசியார் வந்து, குழிக்குள் கைவிட்டுப் பார்த்து, நன்மையான எந்த ஈவும் மேலேயிருந்து வருவதுதான் என்று ஜெபம் பண்ணினார். காற்று ஞாயிற்றுக்கிழமைகளில் வராததைக் கவனித்த ஊர், அது ஓய்வுநாளை ஆசரிக்கிற காற்று என்று முடிவு செய்து அதற்கு மரியாதையைக் கூட்டியது. பெண்கள் தோசைமாவைக் கொண்டுவந்து வைத்தார்கள், மாவு மூன்று நாளானாலும் புளிக்கவில்லை. பூக்காரி சரம் வாடாதிருக்க நார்க்கூடையோடு வந்தாள். வேர்க்குரு பொரிந்த குழந்தைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள், அவை வாய் திறந்து தூங்கின. வரப்புச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனும் தம்பியும் வெயிலுக்கு ஒதுங்கி அங்கே வந்து, எதிரெதிரே உட்கார்ந்து, முதுகு குளிர்ந்தபின் ஒருவருக்கொருவர் வெற்றிலை நீட்டிக்கொண்டார்கள். காற்றோடு சில சமயம் முருங்கைப்பூ வந்து விழும், செம்மண் வந்து விழும், ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லுகிற குரல் வரும். குரலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. காற்றே வரும்போது குரல் வராதா என்ன?

அதற்கு முன்னால் ஆறு வருடமாக அந்த வீட்டுக்குத் துணி கொடுக்கவும் வாங்கவும் தவிர யாரும் போனதில்லை. ஞானப்பூவுக்கு இருபத்தெட்டு வயதில் ஸ்டவ் வெடித்தது. கழுத்தும் முதுகும் இரண்டு கைகளும் வெந்துபோக, தொடைத் தோலை எடுத்து ஒட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போன புருஷன் திரும்ப வரவில்லை. ஒட்டிய தோலிலும் வேர்வைக்கு வாசல் கிடையாது. வெளியே போனால் வெயில் அவளைப் பொசுக்கியது, வெயில் தாழ்ந்தபின் போனால் கண்கள் பொசுக்கின. அதனால் அவள் போவதை நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தைத்தாள். இப்போது காற்று வந்தது. காற்றைத் தேடி ஊர் வந்தது, வந்த ஊர் அவள் கழுத்தைப் பார்த்துப் பார்த்து, பிறகு பார்க்க மறந்து, உப்பு இருக்கா மதினி, ஊசி இருக்கா மதினி என்று கேட்கத் தொடங்கியது.

முருங்கைக்காய்ச் சந்தையில் எல்லாச் செய்தியும் எடைக்கு வரும். நல்லமேய்ப்பன்புரத்துக் காய் வியாபாரி ஒருவர், தங்கள் ஊர்க் காற்றில் நேற்று சாம்பிராணி மணத்ததென்றும், தூபம் காட்டாத வேதக்கோயிலுக்குப் பக்கத்திலேயே இந்த வாசனை எப்படி என்று ஊர் யோசிக்கிறதென்றும் சொன்னபோது, தராசுப் பக்கம் நின்ற சுயம்புலிங்கம் காய்க்கட்டைக் கீழே வைத்தான். எந்த நேரத்துக்கு வரும், எந்த நேரத்துக்கு நிற்கும் என்று கேட்டான். வியாபாரி சொன்ன நேரமெல்லாம் வேணி பள்ளிக்கூடம் போகிற, வருகிற நேரமாகவும், நடுவில் அவன் லோடு அடிக்கிற நேரமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி எடுப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை, பட்டுக்கனியையும் வேணியையும் மைதீன் பிச்சையின் கடை நிழலில் வண்டிக்குள் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அவனும் மைதீன் பிச்சையும் மோட்டார் சைக்கிளில் நல்லமேய்ப்பன்புரம் போனார்கள். சுயம்புலிங்கத்தின் மடியில் அரைமூட்டை சிமெண்டும் ஒரு கொத்துக்கரண்டியும் இருந்தன. ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் அடைக்கிறது ஐந்து நிமிட வேலை என்று வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஞானப்பூ யாரென்று கேட்கவில்லை. காற்றுக்கு வருகிறவர்களை அவள் யாரென்று கேட்பதில்லை. பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். மாடக்குழிக்குக் கீழே யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் குழியருகே போய் நின்றான். தன் வண்டியின் குளிர் தன் முகத்தில் பட்டது, மாசிக்கு முன்னால் இருந்த அதே குளிர். அதற்குள்ளிருந்து தன் மகளின் குரல் கேட்டது, தண்ணீர் தாகமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூடியைத் திறக்கிற சத்தமும் அவள் குடிக்கிற சத்தமும் கேட்டன.

"இது எம் மக" என்றான்.

"வேணியா?" என்று ஞானப்பூ எழுந்து வந்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா படிக்கிற பிள்ளை. ஏழுலதான் கொஞ்சம் தட்டும்."

அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளைக்கு வேர்க்காததை, வண்டி வாங்கியதை, ஏசி குறைந்ததை, மைதீன் பிச்சை கழற்றிப் பூட்டியதையெல்லாம். அவள் கேட்கக் கேட்கத் தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ இது எனக்கு வந்தது இல்ல" என்றாள். மூட்டையைப் பார்த்து, "அடைச்சிருங்க அண்ணாச்சி. அதுக்குத்தானே சிமெண்டு கொண்டுவந்திருக்கிய."

வாளி கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். சுயம்புலிங்கம் சிமெண்டைக் குழைத்தான். குழைத்துவிட்டுக் கரண்டியோடு நிமிர்ந்தபோது, காற்று பட்டு அவள் கழுத்துத் தோல் தளர்ந்து அமைதியாக இருப்பதைப் பார்த்தான். வேணி தூங்கும்போது அவள் நெற்றி அப்படி இருக்கும். கீழே குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டது. அவன் கரண்டியைப் போட்டான். குழைத்ததை வெளியே கொண்டுபோய்க் கொட்டினான், மிச்ச மூட்டையை வாசலோரம் சாத்தினான், கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான். திரும்பி வருகிற வழியில் மைதீன் பிச்சை ஒரே ஒருமுறை, கேஸ் லீக்கென்றால் நான் அடைத்திருப்பேன், இதை நானும் அடைத்திருக்க மாட்டேன் என்றார்.

நடந்ததைக் கேட்ட பட்டுக்கனி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"அவளுக்குக் கதவு இருக்கு, சுவரு இருக்கு, ஊரு இருக்கு" என்றாள். "எம் பிள்ளைக்கு அந்த வண்டி மட்டுந்தான் இருக்கு."

அவன் வெளியே போய் வண்டியின் முன் கிரில்லை மறுபடி கழுவினான்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சந்தையில் கூடிப் பேசினார்கள். குளிர் என்பது கிணற்றுத் தண்ணீர் மாதிரி, முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேணி வண்டிக்குள் இருக்கும் நேரத்தில் ஞானப்பூ மாடக்குழியில் சாக்கைக் கட்டி மறித்துக்கொள்வது, வேணி வகுப்பில் இருக்கும் நேரத்தில் சுயம்புலிங்கம் புளியமர நிழலில் வண்டியை ஓடவிட்டு நல்லமேய்ப்பன்புரத்துக்குக் குளிர் அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. டீசல் ஊற்ற அந்த ஊர்க்காரர்கள் முறைபோட்டு வந்தார்கள், வரும்போது வேணிக்கு நுங்கு கொண்டுவந்தார்கள். பங்குனி முழுவதும் இப்படியே போயிற்று. சாக்கு பாய்மரம் போல உப்பி, எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் கசிந்தது. பாதிக் குளிர் பிள்ளைக்கும் பாதிக் குளிர் சுவருக்குமாகப் போனது. வேணிக்கு மட்டும் அதில் குறை இல்லை. போகும்போதும் வரும்போதும் அத்தையிடம் பேசிக்கொண்டே இருந்தாள், பாவாடைக்கு எந்த நிறத்தில் நூல் என்பதுவரை அவர்கள் பேசினார்கள். பட்டுக்கனி அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், பரீட்சை முடிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற வழியில், அம்மன் கோயில் கொடை ஊர்வலத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் வில்லுப்பாட்டு மேடையும் முளைப்பாரிக் கூட்டமும், பின்னால் லாரிகளும். நின்ற இடத்திலேயே ஓடி ஓடி இன்ஜின் சூடேற, ஏசி இருந்த பாதிக் குளிரையும் நிறுத்தியது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக்குள் வெக்கை ஏறியது. வேணி பேசிக்கொண்டே இருந்தவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள். பட்டுக்கனி தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது. பிள்ளையின் கண் மேலே போயிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. சோடாக்காரன் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், முளைப்பாரி எடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் முந்தானையால் விசிறினார்கள், கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, பிள்ளையைப் பின்தொட்டியில் கிடத்தி ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் வேணி கண் விழித்து, பசிக்கிறது என்றாள். சுயம்புலிங்கம் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கரண்டியைக் கீழே போட்ட கையை அவன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டுக்கனி சொன்னாள்: "இன்னைக்கு நான் வாரேன். எங் கையால அடைக்கேன்." வீட்டு வெக்கையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, அவளையும் ஈரத்துண்டில் சுற்றி முன்னால் உட்காரவைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஏசி வீசியது. கண்ணாடி பனி பிடித்து வெளுத்தது. வேணி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டகடக சத்தம் இல்லை.

"அடைச்சிட்டாவ" என்றான் சுயம்புலிங்கம்.

வண்டி வாசலிலேயே நின்று குளிர்ந்துகொண்டிருந்தது. இனி போகவேண்டிய அவசியம் இல்லை, சிமெண்டும் தேவையில்லை. பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தான், பனங்கிழங்கு மாதிரி குளுமையாக இருந்தது. இறங்குவதற்குக் கதவைத் திறக்கப் போனான்.

"வண்டியை எடுங்க" என்றாள் பட்டுக்கனி.

"எதுக்கு? அதான் வந்துட்டே."

"இங்க வந்துட்டுன்னா, அங்க இருக்காதுல்லா."

நல்லமேய்ப்பன்புரத்தில் ஞானப்பூ வீட்டு வாசலில் ஊர் கூடி நின்றது. மாவுப் பாத்திரங்கள் வெயிலில் வரிசையாக இருந்தன. ஊரைக் கேட்காமல் எப்படி அடைக்கலாம் என்று ஒரு குரல், வந்த ஆசீர்வாதத்துக்கு வாசல் சாத்தினவள் என்று இன்னொரு குரல். பட்டுக்கனி எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாடக்குழி இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்டு, அதில் விரல் பதிந்த தடங்கள். கரண்டி கிடைக்காமல் கையாலேயே பூசியிருக்கிறாள். வீடு சூளையாக இருந்தது. ஞானப்பூ தரையில், நனைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். சேலை பாதி காய்ந்துவிட்டிருந்தது.

பட்டுக்கனி குடத்தைச் சாய்த்து அந்தச் சேலையை நனைத்தாள். கழுத்திலும் முதுகிலும் தண்ணீரைக் கையால் அள்ளி விட்டாள். அந்தத் தோலை அவள் பார்க்காமல் விடவில்லை, பார்த்தாள்.

"பேசிக்கிட்டே வந்தா. சத்தம் நின்னுட்டு" என்றாள் ஞானப்பூ கண்ணைத் திறக்காமல். "பொறவு ஒங்க சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. பிள்ளை என்ன ஆனான்னு எனக்கு யாரு வந்து சொல்லப்போறா? எந்திச்சு அடைச்சேன்."

"காலைல நாலு இட்லி தின்னா" என்றாள் பட்டுக்கனி.

ஞானப்பூவின் தோள் குலுங்கியது. அழுது முடிக்கும்வரை பட்டுக்கனி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள்.

"எந்திங்க மதினி. வண்டியில பின்னாடி மூணு பேரு உக்காரலாம். சும்மாதான் கிடக்கு."

ஞானப்பூ வாசல் பக்கம் பார்த்தாள். இத்தனை பேர் நிற்கிறார்கள், வெயில் எரிகிறது, ஆறு வருடம் ஆயிற்று என்றெல்லாம் சொன்னாள். பட்டுக்கனி ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே அவள் சேலையைச் சரிசெய்து, தலைப்பை எடுத்துத் தலையில் போட்டு, கக்கத்தில் கைகொடுத்து எழுப்பினாள். வாசலுக்கு வந்ததும் கூட்டம் ஒதுங்கி நின்றது. யாரும் வழி மறிக்கவில்லை. நேற்று வரை பாயில் குழந்தையைத் தூங்கவைத்த ஒருத்தி மட்டும் முன்னால் வந்து, தன் குடையை விரித்து, வண்டிவரை ஞானப்பூவின் மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கதவு சாத்தியதும் குளிர் அவளைச் சூழ்ந்தது. வேணி முன் இருக்கையில் முட்டியிட்டுத் திரும்பி, சாய்வின்மேல் நாடியை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகத்துக்கு வந்தாள்.

"நீங்க பெரிய ஆளா இருப்பியன்னு நினைச்சேன்" என்றாள். "சின்னதாத்தான் இருக்கிய."

அன்று அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தேரிக்காட்டு வழியாகவும் கடலோரமாகவும் பொழுது சாயும்வரை வண்டி ஓடியது.

நல்லமேய்ப்பன்புரம் சில நாள் கோபமாக இருந்தது. ஒருநாள் அவள் இல்லாதபோது சிமெண்டைக் கொத்திப் பார்த்தார்கள், செங்கல் இருந்தது, அதற்குப் பின்னால் அடுத்த வீட்டு வெயில் இருந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். காற்றுக்காக வந்தவர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள், மீதிப் பேருக்குப் பழக்கம் விடவில்லை, வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பிகள் மறுபடி சண்டை போட்டார்கள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. மைதீன் பிச்சை வண்டியை ஒருமுறை முழுக்கச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். தினமும் வெயில் ஏறும்முன் பிக்கப் நல்லமேய்ப்பன்புரம் போய் ஞானப்பூவை ஏற்றிக்கொண்டது. பின் இருக்கையில் அவள் மடியில் துணியை வைத்துக்கொண்டு கையால் பொத்தான் தைத்தாள், காஜா எடுத்தாள். பட்டுக்கனி பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். சந்தையில் காய் இறக்குகிறவர்கள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, ரவிக்கைக்கு அளவு கொடுத்தார்கள். ஆனாலும் அவள் வண்டியைவிட்டு எங்கும் இறங்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, வாசலில் வண்டி நின்றதும் வேணி குதித்து இறங்கி நாலடி போனாள். அவள் புதுப்பையின் வார் அறுந்து, பை தரையில் விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், ஞானப்பூ ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள். வாசலிலேயே முட்டியிட்டு உட்கார்ந்து வாரைத் தைத்தாள். சேலைத் தலைப்பு தோளைவிட்டு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அந்தக் கழுத்தையும் கைகளையும் வாய் பிளந்து பார்த்த ஒரு சிறுமி, யாரு இவிய என்று வேணியைக் கேட்டாள்.

"எங்க அத்தை" என்றாள் வேணி, சிங்கப்பூரில் அத்தை இருக்கிற பிள்ளைகள் சொல்லுகிற அதே பெருமையோடு. "அவியளுக்கும் வேர்க்காது."

ஞானப்பூ நூலை அறுத்து, பையை அவள் தோளில் மாட்டிவிட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள், வேணி வராந்தாவில் திரும்பி நின்று கையாட்டினாள், ஞானப்பூவும் கையைத் தூக்கி ஆட்டினாள், தலைப்புக்குள் இழுத்துக்கொள்ளாமல் முழுக் கையையும். வெயில் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. சுயம்புலிங்கம் ஹாரன் அடிக்கவில்லை. கைநீட்டிப் பின்கதவைத் திறந்து வைத்தான். வண்டிக்குள் இருந்த குளிரெல்லாம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. அவள் வருகிறபோது வரட்டும் என்று பட்டுக்கனி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.